சீட்டை விட்டால் பணம் போச்சா?

கேள்வி:

திருப்பூரில் சிறியதாக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். என் மகளுக்குப் படம் வரைவதில்தான் நாட்டம். ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு தனியார் டிசைன் கல்லூரியில் சேர்த்துவிட்டோம். "இந்த வாரம் கட்டினால் ஸ்காலர்ஷிப், அடுத்த வாரம் வந்தால் முழு ஃபீஸ்" என்றார்கள். முதல் வருடத்துக்கு 1,80,000 ரூபாய் கட்டினேன். விளம்பரத்தில் பி.டெஸ். பட்டம் என்று போட்டிருந்தது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

அவர்களே கைகாட்டிய தனியார் மகளிர் ஹாஸ்டலில் அட்வான்ஸ் 30,000, மூன்று மாத வாடகை 36,000, அதற்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம் என்று 4,320 வாங்கிக்கொண்டார்கள். 11 மாதம் 'லாக்-இன்' என்று ஒரு தாளில் மகளிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். அவளுக்கு அப்போது 17 வயது. நான் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் அங்கே குடிபோகவும் இல்லை.

இப்போது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தனியார் கல்லூரியில் கேட்டால் "கட்டிய பணம் திரும்ப வராது, டி.சி. வேண்டுமானால் நாலு வருட ஃபீஸையும் கட்டுங்கள்" என்கிறார்கள். அவர்களுடைய இணையதளத்தில் சேர்க்கைக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 14 என்று இருக்கிறது. ஹாஸ்டல்காரர்களும் கையை விரிக்கிறார்கள். இதற்கிடையில் புரசைவாக்கத்தில் இன்னொரு மாணவியோடு சேர்ந்து தங்க 15,000 வாடகையில் ஒரு வீடு பார்த்தோம். உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். போலீஸுக்குப் போகலாமா? கல்லூரியை மாற்றுவது சரியான முடிவுதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால், இந்தப் பதிலின் முக்கியப் பகுதியை ஏற்கெனவே உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் நிலைமையில் பல பெற்றோர் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ். அரசுக் கல்லூரியில் சேர ஒரிஜினல் தேவை. பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கைவிட்டுப்போன சீட்டை வாங்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, உடனே மாணவரிடம் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ள அதிகாரமே கிடையாது. ஃபீஸ் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு அல்ல, அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது. 'நாலு வருட ஃபீஸ்' என்பது வெறும் மிரட்டல். ஒரு நேரத்தில் ஒரு செமஸ்டருக்கோ ஒரு வருடத்துக்கோ உரிய கட்டணத்தை மட்டும்தான் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே இஸ்லாமிக் அகாடமி வழக்கில் சொல்லிவிட்டது.

நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம். 'சேர்க்கையை ரத்து செய்கிறேன், அசல் சான்றிதழ்களையும் கட்டணத்தையும் திருப்பித் தரவும்' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, இமெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். தேதி மிக முக்கியம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். மதிப்பெண் பட்டியலின் நகலை டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொண்டு, சான்றிதழ் தனியார் கல்லூரியில் முடங்கியிருக்கிறது என்பதை அரசுக் கல்லூரி முதல்வரிடம் இந்தக் கடித நகலோடு எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்திய இடம். ஃபீஸையும் ஹாஸ்டலையும் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அந்தப் பொடி எழுத்துத்தான் பெரிதாகப் படுகிறது. 1956ஆம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டும்தான். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 2014ஆம் வருடச் சட்டத்தாலும், தரமணியில் வளாகம் உள்ள நிஃப்ட் 2006ஆம் வருடச் சட்டத்தாலும் அந்த உரிமையைப் பெற்றவை. மற்றபடி 'இன்ஸ்டிடியூட்', 'அகாடமி', 'ஸ்கூல் ஆஃப் டிசைன்' என்று எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருந்தாக வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னையில் வகுப்பு நடத்த உரிமை இருக்கவும் வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டிக் கிளை விரிக்க முடியாது. சத்தீஸ்கரில் தனியார் பல்கலைக்கழகங்கள் காளான் மாதிரி முளைத்தபோது, பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்து செய்தது நினைவிருக்கலாம். தனியார் பல்கலைக்கழகங்கள் மற்றக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவும் யு.ஜி.சி. விதிகள் இடம் தரவில்லை. ஆகவே 'டை-அப்' என்ற சொல் காதில் விழுந்தால் உஷாராகிவிடுங்கள். ரசீதில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை யு.ஜி.சி. இணையதளப் பட்டியலில் தேடுங்கள். அது எந்த வகை, எந்த மாநிலம் என்று பாருங்கள். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கே எழுதி, 'சென்னையில் இந்த முகவரியில் படிக்கும் மாணவிக்கு நீங்கள் பட்டம் கொடுப்பீர்களா, எந்த அனுமதியின் பேரில்?' என்று கேளுங்கள். பதில் வந்தாலும் உதவும். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது பணம். அந்தக் கல்லூரி முறையாக ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக இருந்தால் 2018 அறிவிக்கையின் கணக்கு அப்படியே பொருந்தும். அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் 100 சதவீதம் திரும்ப வேண்டும். அலுவலகச் செலவு என்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம், ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்த 15 நாளுக்குள் என்றால் 80, அதன்பின் 30 நாள் வரை 50, அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கடைசித் தேதி ஆகஸ்ட் 14. ஜூலை 30க்குள் கடிதம் அவர்கள் கையில் இருந்தால் 1,75,000 வர வேண்டும். ஒரு நாள் தள்ளினால் 1,62,000. அந்த ஒரு நாளின் விலை 13,000 ரூபாய். அதனால்தான் இமெயிலும் அனுப்பச் சொன்னேன். கடைசித் தேதி தெரியும் இணையப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். இந்த மாதிரி இடங்களில் தேதி ராத்திரியோடு ராத்திரியாக முன்னால் நகர்ந்துவிடுவதுண்டு. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். இதைத் தவிர, யு.ஜி.சி. அந்தந்த ஆண்டுக்கென்று சலுகையும் அறிவிப்பதுண்டு. 2024–25க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தரச் சொன்னது. உங்கள் ஆண்டுக்கு அப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதுதான் உங்களுக்கு லாபம்.

தராவிட்டால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு, அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர். 2023ஆம் வருட யு.ஜி.சி. விதிகளில் கட்டணத்தைத் திருப்பித் தராததும் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் புகாருக்குரியவை என்றே எழுதியிருக்கிறது.

பல்கலைக்கழகத் தொடர்பே சட்டப்படி செல்லாது என்று தெரியவந்தால் பாதை மாறும். கல்வி நிறுவனங்கள் மீது நுகர்வோர் வழக்கு செல்லாது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2020ல் மனு சோலங்கி வழக்கில் அப்படித்தான் சொன்னது. அதற்குப் பல வக்கீல்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாக விளம்பரம் செய்து சேர்ப்பது வேறு கதை. பீகாரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இப்படி விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த வழக்கில், புத்திஸ்ட் மிஷன் டென்டல் காலேஜ் வழக்கு என்பார்கள், 2009ல் உச்ச நீதிமன்றம் அதைச் சேவைக் குறைபாடு என்று ஏற்று, மாணவர்கள் பக்கம் நின்றது. உங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். 22ஆம் பிரிவை மீறிப் பட்டம் தருவதாகச் சொல்பவர்களுக்கு யு.ஜி.சி. சட்டம் விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். உங்களிடம் வாங்கிய ஃபீஸில் அது ஒரு நோட்டுப் புத்தகக் காசு. அந்தப் பிரிவை நம்பி உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஹாஸ்டல் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட வலுவாக இருக்கிறீர்கள். 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், 1903ல் பிரிவி கவுன்சில் கொடுத்த மோஹரி பீபி தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. தங்கியிருந்தால் தங்கிய நாட்களுக்கு அவர்கள் காசு கேட்கலாம். உங்கள் மகள் போகவே இல்லை. நீங்களும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. போட்டிருந்தாலும், 74ஆம் பிரிவின்படி உண்மையான நஷ்டத்துக்கு நியாயமான ஈடுதான் கேட்கலாம். ஆகஸ்டில் ஓ.எம்.ஆரில் அந்தக் கட்டில் இரண்டு நாள் காலியாகக் கிடந்தாலே அதிசயம். வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட பிறகு நஷ்டம் எங்கே?

ஜி.எஸ்.டி. கணக்கு வேடிக்கையானது. ஆள் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் ஹாஸ்டல் வாடகைக்கு 2024 ஜூலை 15 முதல் வரி விலக்கு உண்டு. உங்களுக்கு மாதம் 12,000. தொடர்ந்து 11 மாதம் தங்கியாக வேண்டும் என்று அவர்களே எழுதி வாங்கிய தாள்தான் இதற்கு முதல் சாட்சி. அந்த 4,320 ரூபாயை முதல் வரியிலேயே திருப்பிக் கேளுங்கள். கூடவே, தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்த 2014ஆம் வருடச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வேண்டும். 'உங்கள் உரிம எண்ணைத் தெரிவிக்கவும், இல்லையேல் மாவட்ட சமூக நல அலுவலரிடம் விசாரிக்க வேண்டியிருக்கும்' என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அட்வான்ஸ் சீக்கிரம் திரும்புவதற்கு அந்த வரி போதும் என்பது என் எண்ணம். போதாவிட்டால் நுகர்வோர் ஆணையம். ஹாஸ்டல் கல்வி அல்ல, காசுக்குச் செய்யும் சேவை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

புரசைவாக்கம் வீட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற ஓட்டையோடுதான் சொல்கிறது. பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. 1,50,000 கேட்பவரிடம் 45,000 என்று பேசத் தொடங்குங்கள், இடையில் எங்காவது நிற்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். மகளுக்கு 18 நிறையும் வரை கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓவியம் படிக்கும் பிள்ளைக்கு வீடு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம், டர்பன்டைன், களிமண், பிளாஸ்டர் எல்லாம் வீட்டுக்குள் வரும். மொசைக் தரையில் விழுந்த வண்ணம் போகாது. காலி செய்யும்போது 'பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை' என்று பிடிப்பவர், தரைக்கு மூன்று மாத வாடகை பிடிப்பார். குடிபோகும் அன்றே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 'மாணவி வீட்டில் ஓவிய வேலை செய்வார், சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். தரைக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸ் விரிப்பு. உங்கள் பட்டறையிலேயே கிடக்கும். மற்றப் பெண்ணின் பெற்றோர் தனியாகவும் நீங்கள் தனியாகவும் கையெழுத்துப் போட்டு, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தி பாதியில் போய்விட்டால் முழு வாடகையும் மற்றவள் தலையில் விழும்.

கல்லூரியை மாற்றுவது சரியா என்று கேட்டீர்கள். அது வக்கீல் சொல்ல வேண்டியதல்ல. ஆனாலும் காகிதத்தை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். நீங்கள் சேர்க்கப்போவது 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். பட்டம் யார் தருகிறார்கள் என்று பொடி எழுத்தில் தேட வேண்டியதில்லை. ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, அச்சுக்கலை எல்லாம் அங்கே உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் வளர்ந்த பெண்ணுக்கு இதில் எது பிடிக்கும் என்பதை அவளிடமே கேளுங்கள்.

போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவுப்படி மோசடி என்றால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஃபீஸைத் திருப்பித் தர மறுப்பது மட்டும் குற்றமாகாது. 'சிவில் விவகாரம்' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவாளரிடமிருந்து 'அந்தக் கல்லூரிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று எழுத்தில் பதில் வந்தால் அன்றைக்கு நிலைமை வேறு. அந்தக் கடிதத்தோடு, விளம்பரத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.