மீன்களுக்கு அச்சம் கற்பிப்பது யார்?

குளத்தில் பொரி தூவினால் சிறுமீன்கள் கூட்டமாக ஓடிவரும் அழகைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். இச்சிறு உயிர்கள் தம்மை விழுங்க வரும் பகைவனை எவ்வாறு அறிகின்றன? முன்பின் கண்டிராத பகைவன் வந்தால் என்ன செய்யும்?

தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து, 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர், 1938-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மின்னோ என்பது கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறுமீன். காயமுற்ற மின்னோ ஒன்றைக் கூட்டத்தில் விட்டதும் மற்றவை அஞ்சி ஓடின. கிழிந்த தோலிலிருந்து ஒரு பொருள் நீரில் கரைகிறது. அதன் வாசனையே மற்ற மீன்களை எச்சரிக்கிறது. தோல் கிழியாவிடில் அப்பொருள் வெளிப்படுவதில்லை. அதனை நாம் 'அச்சப்பொருள்' எனலாம்.

பின்னர் வந்த அறிஞர்கள் மேலும் ஒரு விந்தையைக் கண்டனர். பைக் என்பது மின்னோக்களைத் தின்னும் பெரிய மீன். பைக் இல்லாத குளத்தில் வளர்ந்த மின்னோக்கள் அதன் வாசனைக்கு அஞ்சுவதில்லை. ஆனால் அவ்வாசனையும் அச்சப்பொருளும் ஒருமுறை சேர்ந்து வந்தால் போதும்! பிறகு பைக்கின் வாசனை மட்டும் வந்தாலும் அவை நெருங்கிக் கூடுகின்றன, ஒளிகின்றன, அசையாமல் நிற்கின்றன. அறியாத மீன்கள் அறிந்த மீன்களைப் பார்த்தும் கற்றுக்கொள்கின்றன. ஆகவே ஒரு மீனின் காயம் பல மீன்களுக்குப் பாடமாகிறது.

எனினும் எல்லா மீன்களுக்கும் இப்பாடம் உரிய காலத்தில் கிடைப்பதில்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வேறெங்கும் இல்லாத பல நூறு வகைச் சிறுமீன்கள் வாழ்ந்தன. 1950-களில் மனிதர் அங்கு நைல் பெர்ச் என்னும் பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டனர். 1980-களில் அது பெருகியபோது, அப்பழக்கமற்ற பகைவனுக்குப் பல இனங்கள் இரையாகி மறைந்தன. நீர் மாசுபட்டதும் அவற்றின் அழிவுக்கு ஒரு காரணமே.

எங்கள் வீட்டுத் தொட்டி மீன் பெரிதானபோது, அதை ஏரியில் விட்டுவிடலாம் என்றான் என் தம்பி. நானும் அது புண்ணியம் என்றே எண்ணினேன். இவற்றைப் படித்த பின்னர் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். இன்று பெரிய தொட்டி ஒன்றில் அம்மீன் நலமாக இருக்கிறது. ஏரி மீன்களும் நலமாக இருக்கட்டும்.

தோழியரே, இரக்கம் நல்லது. அறிவோடு கூடிய இரக்கமே நன்மை தரும்.

— பத்தாம் வகுப்பு மாணவி