பெர்லினில் வீட்டிலிருந்தே வேலையா? அக்கா சொல்வதைக் கேள்

கணவருக்கு பெர்லினில் வேலை. நீயும் கூடப் போகிறாய். சென்னை கம்பெனியில் உன் மேனேஜர், "வேலையை விடாதீங்க, அங்கிருந்தே லாகின் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். கேட்கவே நிம்மதியாக இருக்கும். சம்பளம் நிற்காது, புது ஊரில் சும்மா உட்கார வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், தங்கச்சி. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு போ. ஆபீஸுக்குப் போகிறவருக்கு அந்த ஊரைப் பாதி ஆபீஸே சொல்லிக் கொடுத்துவிடும். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்த மருத்துவர் நல்லவர், வரி எப்படிப் பிடிப்பார்கள் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்வார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உனக்குப் பக்கத்து மேஜை கிடையாது. ஆபீஸில் கிடைப்பதையெல்லாம் நீயே தேடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வேலை செய்யும் உரிமை. படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான ப்ளூ கார்டு என்ற குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ கிடைக்கும் குடும்ப வீசாவில் வேலை செய்யத் தடை இல்லை. சம்பளத்துக்கும் போகலாம், சொந்தமாகவும் செய்யலாம். அங்கே போனபின் கிடைக்கும் குடியிருப்பு அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாப்ட்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதுதான் உன் அனுமதி. சுற்றுலா வீசாவில் போய் 90 நாள் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தூரத்திலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கென்று தனி வீசா உண்டு. ஜெர்மனியில் அப்படி ஒன்று இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் வரி. கம்பெனி இந்தியாவில், சம்பளம் ரூபாயில், விழுவது இந்திய வங்கிக் கணக்கில், இதில் ஜெர்மனிக்கு என்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாயோ, அந்த வேலையின் சம்பளத்துக்கு வரி கேட்கும் உரிமை அந்த நாட்டுக்குத்தான் முதலில். பெர்லினில் உனக்கென்று ஒரு வீடு இருந்தாலே வரிச் சட்டப்படி நீ அங்கே வசிப்பவள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி கட்டாமல் இருக்க, 1995-ல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கும் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கணக்கு காட்ட வேண்டும். வரியோடு முடியவில்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சமூகக் காப்பீட்டுத் தொகையும் வேலை நடக்கும் இடத்தின் சட்டப்படிதான். அதில் பாதியைப் போல முதலாளி கட்ட வேண்டும். அந்த முதலாளி உன் சென்னை கம்பெனி.

அதனால் மேனேஜர் வாயால் சொன்ன சம்மதத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏறாதே. ஹெச்.ஆருக்கு மெயில் எழுது, பதிலை எழுத்தில் வாங்கு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னை எந்த முறையில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? கம்பெனியே ஜெர்மனியில் முதலாளியாகப் பதிவு செய்து சம்பளம் போடலாம். அங்கேயுள்ள ஒரு நிறுவனத்தின் மூலம் உன்னை வேலைக்கு எடுத்து, அதன் கையால் சம்பளம் கொடுக்கலாம். இல்லையென்றால் நீ ஃப்ரீலான்ஸராக மாறி பில் போடலாம். மூன்றாவது வழி கம்பெனிக்குச் சுலபம் என்பதால் அதைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். அதில் உனக்குத்தான் பொறுப்பு அதிகம். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் 'எல்ஸ்டர்' என்ற இணையதளம் வழியாக வரி அலுவலகத்தில் பதிய வேண்டும், காப்பீடு முழுக்க உன் செலவு. ஒரே கம்பெனிக்கு, அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் சொன்னபடி வேலை செய்துகொண்டிருந்தால், 'இது ஃப்ரீலான்ஸ் இல்லை, மறைமுகச் சம்பள வேலை' என்று அங்கேயுள்ள அதிகாரிகள் முடிவு கட்டவும் கூடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு ஷ்டாயர்பெராட்டரிடம், அதாவது அந்த ஊர் வரி ஆலோசகரிடம், ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசு. எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதே.

மருத்துவக் காப்பீட்டில் இன்னொன்று. கணவர் அரசுச் சட்டப்படியான காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவி அதே காப்பீட்டில் இலவசமாகச் சேரலாம். ஆனால் மாத வருமானம் ஒரு சிறிய வரம்பைத் தாண்டியதுமே அந்தச் சலுகை போய்விடும். சம்பளம் இந்தியாவில் விழுந்தாலும் வருமானம் வருமானம்தான். காப்பீட்டு நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லிவிடு. பின்னால் தெரிந்தால் விட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். வங்கிப் பக்கம், ஊரில் உள்ள உன் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவதையும் மறக்காதே.

இனி வீடு. தேடும்போதே உன் நாற்காலியை மனதில் வைத்துத் தேடு. கணவர் காலையில் போய் மாலையில் வருவார். பகல் முழுக்க அந்த வீட்டில் இருப்பவள் நீ. தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் கொஞ்சம் சின்ன வீடானாலும் எடு. முற்றத்தைப் பார்த்த பின்கட்டு வீடுகள் அமைதியாக இருக்கும், ஆனால் கீழ்மாடி என்றால் குளிர்காலத்தில் பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும். விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்று போட்டிருந்தால் வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது 'வார்ம்மீட்டே'. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம் வெறும் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதை மூன்று மாதத் தவணையில் கட்டவும் உனக்கு உரிமை உண்டு. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அது மோசடி. பதிலே போடாதே.

தற்காலிக வீடாக இருந்தாலும் பணம் கட்டுமுன் கேள்: குடியேறியதற்கான உறுதிக் கடிதம் தருவீர்களா? வீட்டுக்காரர் தரும் அந்தக் காகிதம் இல்லாமல் ப்யூர்கர்ஆம்ட் அலுவலகத்தில் முகவரியைப் பதிய முடியாது. குடிபோன 14 நாளில் பதிய வேண்டும். பெர்லினின் 12 வட்டாரங்களில் எந்த அலுவலகத்துக்கும் போகலாம், உன் வட்டாரம்தான் என்று இல்லை. முன்பதிவு நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஊரிலிருந்து கிளம்புமுன்பே இணையத்தில் பார்க்கத் தொடங்கு. பதிந்தபின் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியே ஆக வேண்டும்.

தபால் என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெர்லின் முகவரியில் பொதுவாக வீட்டு எண் இருக்காது. தெரு, கட்டட எண், உன் பெயர், அவ்வளவுதான். கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் ஒட்டவில்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், கணவருக்கு அவருடைய அப்பா பெயர். அரசாங்கக் கடிதம் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஆகவே உன் பெயர், உன் சர்நேம், அவருடைய சர்நேம் எல்லாவற்றையும் பெட்டியிலும் வாசல் மணியிலும் ஒட்டு. வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி பின் நம்பர், இன்டர்நெட் டெக்னீஷியன் வரும் தேதி எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் வந்து சேரும். இன்டர்நெட் இணைப்புக்குப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை அதிக டேட்டா உள்ள சிம் கார்டு ஒன்றை வைத்துச் சமாளி.

வீட்டில் இருப்பவள் நீதான் என்பது பார்சல்காரருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆளில்லாத வீடுகளின் பார்சலையெல்லாம் உன் மணியை அடித்துக் கொடுப்பார். வாங்கி வை, தங்கச்சி. மாலையில் மூன்றாம் மாடிப் பாட்டியும் எதிர்வீட்டுப் பையனும் அதைக் கேட்டு வருவார்கள். கதவருகில் நாலு வார்த்தை பேசுவார்கள். அந்தக் கட்டடத்தில் உனக்கு ஆட்கள் கிடைப்பது இப்படித்தான்.

நம் சமையலுக்கும் அந்த ஊர் ஜன்னலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாம்பார் கொதிக்கும்போதும் இட்லி வேகும்போதும் எழும் ஆவி மூடிய வீட்டில் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படியும். சில வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அதைக் காட்டி முன்பணத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள். ஜன்னல் கைப்பிடியை மேலே திருப்பினால் ஜன்னல் லேசாகச் சாயும், பக்கவாட்டில் திருப்பினால் முழுதாகத் திறக்கும். குளிர்காலத்தில் சாய்த்தே வைத்திருப்பது தவறு, சுவர்தான் குளிர்ந்து போகும். ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று வரவிட்டு மூடு. காலை ஒரு தடவை, சமைத்து முடித்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. ஹீட்டர் குமிழ் 3-ல் இருந்தால் அறை 20 டிகிரி அளவில் இருக்கும், அது போதும்.

மிக்ஸியைக் கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். அடாப்டர் மட்டும் கனமானதாக வாங்கு. ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரையிலும் ஞாயிறு முழுதும் சத்தம் போடக் கூடாத நேரம். மாவு அரைப்பது, ஆணி அடிப்பது எல்லாம் சனிக்கிழமைக்குள் முடியட்டும். ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். பிரதான ரயில் நிலையத்துக்குள் சில கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கோடையில் சென்னை மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். மார்ச் மற்றும் அக்டோபரின் கடைசி ஞாயிறில் மாறும். சென்னையில் காலை 10 மணி மீட்டிங் என்றால் டிசம்பரில் உனக்கு விடியற்காலை ஐந்தரை. சிரமம்தான், ஆனாலும் 'எனக்காகத் தள்ளி வையுங்கள்' என்று கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போடு. டிசம்பர் பெர்லினில் சூரியன் எட்டேகாலுக்குத்தான் உதிக்கும், நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். சென்னை நேரப்படி வேலை பார்த்தால் ஒன்றரை இரண்டு மணிக்கே வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே வெளியே போகலாம். பெர்லின் நேரப்படி ஒன்பது முதல் ஆறு வரை உட்கார்ந்தால் பகலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பாய். பல வாரம் அப்படிப் போனால் காரணமில்லாமல் அழுகை வரும், தூக்கம் கெடும். நீ பலவீனமானவள் என்று அர்த்தம் இல்லை, வெளிச்சம் போதாமல் வருவது. மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேள், தினமும் ஒரு தடவை நட. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2008-ல் மூடி, 2010-ல் ஓடுபாதையோடு அப்படியே பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். மரமும் கட்டடமும் மறைக்காத வானம் வேண்டும் என்றால் அங்கே போ.

உள்ளூர் பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கு எதற்கு என்று தோன்றும். கையில் டிக்கெட் இருந்தால்தான் கிளம்பத் தோன்றும், வாங்கி வை. வாரத்தில் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய். பொட்ஸ்டாமர் தெருவில் 1978-ல் திறந்த ஷ்டாட்ஸ்பிப்லியோதெக், ஹாலெஷெஸ் டோர் பக்கத்தில் 1954-லிருந்து இருக்கும் அமெரிக்க நினைவு நூலகம் இரண்டும் நல்ல இடங்கள். வாசிப்பறையில் போன் பேச முடியாது, ஆகவே மீட்டிங் இல்லாத வேலைகளை அந்த நாளுக்கு ஒதுக்கு. வீட்டில் வேலை பார்த்த நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டே வா. வரிக் கணக்கில் நாளுக்கு 6 யூரோ, வருடத்துக்கு 1,260 யூரோ வரை கழித்துக்கொள்ளலாம்.

தமிழ் பேச ஆள் வேண்டுமென்றால் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. 80-களில் போருக்குத் தப்பி, கிழக்கு பெர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்கு வந்த ஈழத்து மக்கள் வேரூன்றிய ஊர் அது. அந்த அக்காமாருக்குத் தெரியாத அலுவலகமும் கிடையாது, பார்க்காத படிவமும் கிடையாது. மரியாதையோடு பழகு, கேள், நீயும் கூடமாட உதவி செய்.

கடைசியாக ஜெர்மன் மொழி. ப்ளூ கார்டு குடும்பத்தாருக்கு வீசாவில் மொழித் தேர்வு கேட்பதில்லை. அதனாலேயே பலரும் ஒரு சொல்கூடத் தெரியாமல் போய் இறங்குகிறார்கள். நாள் முழுக்க சென்னையோடு தமிழும் ஆங்கிலமும் பேசும் உனக்கு அது தானாகக் காதில் விழாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்ற பொதுக் கல்விக்கூடம் உண்டு, தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் குறைவு. இணைய வகுப்பு வேண்டாம், நேரில் போகும் வகுப்பாகப் பார். போன முதல் மாதமே பிற்பகல் வகுப்பில் பெயரைக் கொடுத்துவிடு, தங்கச்சி.