சிறைவாயிலுக்கு அப்பால்

குற்றவாளிக்குத் தண்டனை வழங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தண்டனைக் காலம் கழிந்து வெளிவருபவர் மீண்டும் சமுதாயத்தில் நிலைபெற வழியுண்டா என்பதே சிறைச் சீர்திருத்தத்தின் உரைகல்லாகும். போதைப் பழக்கத்துக்கோ மனநோய்க்கோ ஆளானவர் வெளிவரும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகிறது.

இச்சிந்தனைக்கும் பாலக்காட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் 1915 நவம்பர் 15-இல் பிறந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957-59-இல் கேரள அமைச்சராகச் சிறைத் துறையையும் கவனித்தவர். 1977-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக முகமது கியாசுதீன் வழக்கில் தீர்ப்பளித்தபோது, பழிவாங்குவதைவிட மனிதனைத் திருத்துவதே தண்டனையின் நோக்கம் என வலியுறுத்தினார். அவர் பிறந்த நாளைக் கேரள அரசு நன்னடத்தை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

ஆபத்தான முதல் வாரங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோர் பற்றிய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. விடுதலைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ 13 மடங்காக இருந்தது. முதன்மைக் காரணம் அளவுமீறிய போதைப்பொருளே. ஹெராயின் போன்றவற்றைச் சிறையில் நெடுநாள் விட்டிருக்கும் உடல், அவற்றைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. வெளியே வந்து பழைய அளவை உட்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். மனநோயாளிக்கோ மருந்து தடைப்படுவதே பேரிடர். தணிந்திருந்த நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

எல்லைப்புறத்தின் சிக்கல்

அட்டப்பாடி கோயம்புத்தூர் மாவட்டத்தையும், குமுளி தேனி மாவட்டத்தையும் ஒட்டியவை. இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். ஒருவரது வழக்கு ஒரு மாநிலத்திலும் வீடு மறு மாநிலத்திலும் இருக்கக்கூடும். அந்நிலையில் மருத்துவக் குறிப்பு எல்லைக்கு ஒருபுறமும் நோயாளி மறுபுறமுமாகப் பிரிந்துவிட இடமுண்டு.

சட்டமும் நிறுவனமும்

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உரிய வழக்குகளில் அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. சிகிச்சை முடிந்து சமூகத்துக்குத் திரும்புபவருக்கு முன்கூட்டியே திட்டம் வகுக்க வேண்டுமென்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதி. 2016-இல் கேரளம் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்தின் கீழ்ப் பாலக்காட்டுக்குக் கோட்டத்தறைப் பழங்குடியினர் மருத்துவமனையிலும், இடுக்கிக்குச் செறுதோணியிலும் போதை மீட்பு மையங்கள் அமைந்தன. விடுதலையானோர் சுயதொழில் தொடங்கச் சமூகநீதித் துறை உதவி வழங்குகிறது.

எனவே தேவைப்படுவது இவற்றை உரிய நேரத்தில் இணைக்கும் பணியே. விடுதலை நாளுக்கு முன்னரே, வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் சந்திப்பு நாளைக் குறித்தல். சில வாரங்களுக்குரிய மருந்தையும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சிகிச்சைக் குறிப்பையும் கையில் அளித்தல். குடும்பத்தாருக்கு ஆபத்தின் அறிகுறிகளை விளக்குதல். இரு மாநில நன்னடத்தை அலுவலரும் தொடர்பு கொள்ளுதல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. சிறையின் கதவு திறக்கும் நாளில் மருத்துவமனையின் கதவும் திறந்திருக்குமாயின், மறுவாழ்வு பெயரளவில் நின்றுவிடாது.