டிவிக்குள் இருக்கும் வெற்றிடம்: வால்வு முதல் புயல் ரேடார் வரை

கடந்த போகிக்கு கீரப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீடுதான் சித்தப்பா வீடு. பிளஸ் டூ படிக்கும் தம்பிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதை வைக்க இடம் வேண்டும் என்று, மேஜையில் இருந்த பழைய 14 அங்குல டிவி வாசலுக்கு வந்துவிட்டது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த டிவி அது. காலையில் நான் வாசலுக்கு வந்தபோது தம்பி அதன் பின்மூடியைக் கழற்றிவிட்டு, கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே காப்பர் கம்பி இருக்குண்ணே. பழைய இரும்புக் கடையில அதுக்குத் தனி விலை. டியூபை உடைச்சாத்தான் எடுக்க வரும்" என்றான்.

சுத்தியலை வாங்கி வைத்தேன். "அந்த டியூபுக்குள்ளே என்னதாண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லைடா. அதுதான் ஆபத்து" என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டிவியோ, பெட்டி போன்ற பழைய மானிட்டரோ பரணில் இருக்கலாம்.

எலெக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது?

உலை கொதிக்கும்போது ஆவி வெளியேறுகிறது அல்லவா? நீரில் உள்ள மூலக்கூறுகளில் வேகம் மிகுந்தவை மேற்பரப்பைத் தாண்டி வெளியே போகின்றன. உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களும் இப்படித்தான். உலோகத்தை நன்றாகச் சூடாக்கினால் சில எலெக்ட்ரான்கள் வெளியே குதிக்கும். ஆனால் சுற்றிலும் காற்று இருந்தால் அதன் மூலக்கூறுகளில் மோதி நின்றுவிடும். சூடான இழையும் எரிந்துபோகும். எனவே கண்ணாடிக் குழாயில் இருந்து காற்றை எடுத்துவிட்டு, உள்ளே சூடாக்க வேண்டும். இந்த ஒரே ஒரு சங்கதியில்தான் வெற்றிட எலெக்ட்ரானிக்ஸ் முழுவதும் நிற்கிறது.

எடிசன் 1880-களில் இதை எதிர்பாராமல் கண்டார். பல்பின் உள்பக்கம் ஏன் கறுக்கிறது என்று ஆராய, பல்புக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்தார். இழைக்கும் தகட்டுக்கும் இடையே கம்பி எதுவும் இல்லை. ஆனாலும் தகட்டுக்குப் பாசிட்டிவ் மின்னழுத்தம் கொடுத்தபோது மின்சாரம் ஓடியது. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதை ஜே.ஜே. தாம்சன் 1897-ல் நிரூபித்த பிறகுதான் இதற்குக் காரணம் புரிந்தது. சூடான உலோகத்தில் இருந்து எவ்வளவு எலெக்ட்ரான் வரும் என்பதற்கான விதியைக் கண்ட ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-க்கான நோபல் பரிசு கிடைத்தது.

டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தாராளமாக எலெக்ட்ரான் தரும். பேரியம் ஆக்சைடு போன்ற பூச்சு பூசினால் சுமார் 800 டிகிரியே போதும். டிவி டியூபின் கழுத்துப் பகுதியில் மங்கலான செந்நிற வெளிச்சம் தெரியுமே, அது இந்தப் பூச்சு பூசிய முனையைச் சூடாக்கும் இழைதான். எலெக்ட்ரானை வெளியிடும் முனையை கேத்தோடு என்கிறோம்.

வால்வு என்ற பெயர் ஏன்?

1904-ல் இங்கிலாந்தின் ஜான் பிளெமிங், எடிசன் கண்டதை ஒரு கருவியாக்கினார். எலெக்ட்ரான் கேத்தோடில் இருந்து தகட்டுக்கு மட்டுமே போகும், திரும்பி வராது. சைக்கிள் டியூப் வால்வில் காற்று ஒரே திசையில் போவது போல. அதனால்தான் வால்வு என்று பெயர். நம் தாத்தாக்கள் சொன்ன வால்வு ரேடியோவில் உள்ள வால்வு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், கேத்தோடுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் பெருவெள்ளம் பாய்கிறது, இறக்கினால் நிற்கிறது. வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தை இப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. மதகைப் பாதி திறந்து வைத்துக் கூட்டிக் குறைத்தால் அது ஆம்ப்ளிஃபயர். முழுவதும் திற, முழுவதும் மூடு என்று மட்டும் வைத்துக்கொண்டால் அது சுவிட்ச். ஒன்று, பூஜ்யம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது இதுதானே!

2,700 வால்வுகளில் ஒரு கம்ப்யூட்டர்

அமெரிக்காவில் 1946-ல் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக், மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ல் இயங்கத் தொடங்கியது. அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1962-ல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

அதில் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள் இருந்தன. நினைவகம் 2,048 சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் 40 பிட். பெருக்கிப் பார்த்தால் 81,920 பிட், அதாவது 10 கிலோபைட். உங்கள் மொபைலில் எடுக்கும் 3 எம்பி போட்டோ ஒன்று இதைப் போல் 300 மடங்கு. விடைகளை எழுத்தாகவும் வரைபடமாகவும் காட்ட அதில் ஒரு படக்குழாய்த் திரையும் இருந்தது. தம்பி உடைக்கப் பார்த்த டியூபின் மூத்த உறவு அது!

வால்வின் தொல்லை, ஒவ்வொன்றிலும் ஓர் இழை எப்போதும் சூடாக எரிய வேண்டும் என்பதே. மின்சாரம் வீணாகும், அறை கொதிக்கும், இழை அறுந்தால் வால்வை மாற்ற வேண்டும். 1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டரில் சூடான இழை கிடையாது. எனவே கம்ப்யூட்டரில் இருந்து வால்வு வெளியேறியது. ஆனால் நம் வீட்டை விட்டு வெளியேறவில்லை.

டிவி டியூபில் என்ன நடக்கிறது?

கலர் படக்குழாயின் கழுத்தில் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள் உள்ளன. வெளியே வரும் எலெக்ட்ரான்களைத் திரையை நோக்கி இழுக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் தேவை. கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருள், காந்த விசையால் கற்றையை இடமும் வலமும், மேலும் கீழும் வளைக்கிறது. தம்பி குறிவைத்தது இந்தச் சுருளைத்தான். கற்றை திரையில் உள்ள பாஸ்பர் புள்ளிகளில் மோதும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஒளிர்கின்றன. நம் நாட்டு டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு விநாடிக்கு 25 படங்கள்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். 14 அங்குலத் திரை ஏறத்தாழ 28 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். பரப்பு சுமார் 590 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் காற்று சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. உள்ளே எதிர்த்து அழுத்தக் காற்று இல்லை. ஆக, திரை மட்டுமே கிட்டத்தட்ட 600 கிலோவைத் தாங்கி நிற்கிறது. சுத்தியலால் தட்டினால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி, மறு கணமே எல்லாப் பக்கமும் சிதறும்.

இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் அழுத்த மின்சாரம் தேங்கியிருக்கலாம். மூன்றாவது, ஈயம். வேகமான எலெக்ட்ரான் எதிலாவது மோதி நின்றால் கொஞ்சம் எக்ஸ்-ரே வரும். அதைத் தடுக்கவே படக்குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். வாசலில் உடைத்தால் அந்த ஈயம் நம் மண்ணில்தான் சேரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெரும் கேடு. இருபது ஆண்டுகள் நம்மைக் காப்பாற்றிய கண்ணாடி, உடைத்த அன்றே நஞ்சாகிவிடுகிறது.

சமையலறையிலும் ஒரு வால்வு

மைக்ரோவேவ் ஓவனுக்குள் இருப்பது மேக்னட்ரான் என்ற வெற்றிடக் குழாய். இன்றைய மேக்னட்ரானுக்கு வழிவகுத்த வடிவத்தை 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் ஆகிய இருவரும் போர்க்கால ரேடாருக்காக உருவாக்கினார்கள். சூடான கேத்தோடில் இருந்து வரும் எலெக்ட்ரான்களைக் காந்தம் வட்டமாகச் சுழற்றுகிறது. சுற்றிலும் உள்ள செம்புக் குழிவுகளை அவை கடக்கும்போது மைக்ரோவேவ் அலை பிறக்கிறது.

ஓவனின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். உங்கள் வைஃபையின் ஒரு அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இருக்கிறது. ஓவன் ஓடும்போது இணையம் தடுமாறினால் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

புயலைப் பார்த்த குழாய்

2011 டிசம்பர் 30 காலை 6.30 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையே, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகம். நான் அப்போது பள்ளி மாணவன். முதல் நாளே புயல் வருகிறது என்று சொல்லிவிட்டதால், ஓட்டு வீட்டில் இருந்த எங்கள் பாட்டியை மாடி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். விடிந்து பார்த்தால் பாட்டி வீட்டின் கூரையில் பாதிக்கு மேல் ஓடு இல்லை.

புயல் எங்கே வருகிறது என்று கவனித்த கருவிகளில் ஒன்று, 2002 முதல் சென்னைத் துறைமுகப் பகுதியில் இயங்கிய டாப்ளர் ரேடார். அதன் உயிர்நாடி கிளைஸ்ட்ரான் என்ற வெற்றிடக் குழாய். 1937-ல் அமெரிக்காவில் வேரியன் சகோதரர்கள் கண்டுபிடித்தது.

கிளைஸ்ட்ரான் வேலை செய்யும் விதம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று சீராகத்தான் பஸ்கள் கிளம்புகின்றன. முன்னால் போவது மெதுவாகிறது, பின்னால் வருவது வேகமெடுக்கிறது. அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு மூன்று பஸ் சேர்ந்து வந்து நிற்கும்! கிளைஸ்ட்ரானின் முதல் குழிவு, சீராக வரும் எலெக்ட்ரான்களில் சிலவற்றை வேகப்படுத்தி, சிலவற்றைத் தாமதப்படுத்துகிறது. போகும் வழியில் அவை கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. கடைசிக் குழிவை ஒவ்வொரு கொத்தும் கடக்கும்போது தன் ஆற்றலை அங்கே கொட்டுகிறது. உள்ளே போன சிறிய அலை, பல நூறு கிலோவாட் துடிப்பாக வெளியே வருகிறது.

டிரான்சிஸ்டரால் இது ஏன் கடினம்? சிலிக்கானுக்குள் எலெக்ட்ரான்கள் அணுக்களில் மோதி மோதிப் போகின்றன, சிப் சூடாகிறது. சிறிய சிப்பில் இருந்து அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. வெற்றிடத்தில் மோதுவதற்கு ஒன்றும் இல்லை. மிச்ச வெப்பமும் கனமான உலோகத்தில் போய் விழுவதால், தண்ணீர் விட்டுக்கூடக் குளிர்விக்கலாம். இன்று பல டிரான்சிஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ரேடார்களும் வருகின்றன. ஆனாலும் வால்வு ஓய்வு பெறவில்லை. மருத்துவமனை எக்ஸ்-ரே டியூப் அதே குடும்பம். பல தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களில் அலையைப் பெருக்குவதும் இதன் உறவினரே. ராஜஸ்தானின் பிலானியில் உள்ள சீரி ஆய்வகமும், பெங்களூருவில் உள்ள பாதுகாப்புத் துறையின் மைக்ரோவேவ் டியூப் மையமும் இந்தக் குழாய்களை ஆராய்ந்து உருவாக்கி வந்திருக்கின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. பழைய டிவி, பழைய மானிட்டர் ஆகியவற்றின் பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் சரி.

2. மைக்ரோவேவ் ஓவனுக்கும் இதே விதி. உள்ளே உள்ள கெபாசிட்டரில் சுமார் 2,000 வோல்ட் தேங்கியிருக்கலாம்.

3. தூக்கும்போது கழுத்துப் பகுதியைப் பிடிக்காமல், திரைப் பக்கம் உங்கள் நெஞ்சை நோக்கி இருக்கும்படி பெட்டியோடு தூக்குங்கள். கனம் முழுவதும் திரைப் பக்கம்தான்.

4. போகியிலோ குப்பைமேட்டிலோ எரிக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் முழுதாகக் கொடுங்கள்.

5. ஏற்கனவே உடைந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, கையுறை போட்டு, ஈரத் துணியால் துண்டுகளை எடுத்துத் தடித்த அட்டைப் பெட்டியில் கட்டி வையுங்கள்.

தம்பியின் டிவியைப் பின்மூடி போட்டுச் சாக்கில் சுற்றி, சென்னை திரும்பும்போது நானே எடுத்துப் போய் அப்படி ஒரு நிறுவனத்தில் கொடுத்தேன். கிடைத்த பணம் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. அதைத் தம்பியிடம் சொன்னபோது, "பரவாயில்லண்ணே, அந்த கிளைஸ்ட்ரான் படம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். புதுக் கம்ப்யூட்டரில் அவன் முதலில் தேடியது அதைத்தான்.