உழைப்பே பங்குத்தொகை

கையில் பணமில்லாத தொழிலாளி வீட்டுவசதிச் சங்கத்தில் எதைப் பங்காகச் செலுத்துவது? தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில், தம் உழைப்பையே செலுத்தலாயினர். 1966-ல் தலைநகருக்கு வெளியே மூன்று சங்கங்கள் இம்முறையைத் தொடங்கின. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அங்கீகரித்துச் சர்க்கார் கடனுக்கும் வழிசெய்தது.

குடும்பம் ஒன்றுக்கு வாரம் ஏறத்தாழ 20 மணி நேர வேலை. செங்கல் சுமந்த நேரமும் கணக்கில் ஏறும். நம் ஊர்ச் சிரமதானங்களில் நாம் பெரும்பாலும் காணாத வழக்கம் இது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்கது.

நிலமும் வீடும் சங்கத்தின் உடைமை. அங்கத்தினருக்கு அதில் வாழும் உரிமையுண்டு. அது வாரிசுகளுக்கும் செல்லும். விற்க மட்டும் இயலாது. விலகுவோர் தம் பங்கைத் திரும்பப் பெறுவர்.

1983-ல் இராணுவ ஆட்சி இவ்வீடுகளைத் தனியுடைமையாக்கச் சட்டமியற்றியது. இனாமாகத் தோன்றும் அதனைச் சங்கத்தினர் ஏற்கவில்லை. எதிர்த்து, 1984 பிப்ரவரியில் ஒரே நாளில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர்.