தாயம் விழாதவருக்கும் வழி வை

அன்புத் தம்பிக்கு,

ஈசூனில் உன் புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஆட, பாத்திரமேற்று விளையாடும் மேசை விளையாட்டு ஒன்றை எழுதுகிறாய். இருபது பக்கப் பகடைக்குப் பதிலாகத் தாயக்கட்டையை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. ஆனால் நம்முடையது என்ற பெருமை மட்டும் போதாது. கணக்கும் பார்க்க வேண்டும்.

கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் முகம். ஆக, 16 விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி உண்டு. ஒன்று விழும் தாயத்துக்கு இரண்டே வழி. ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒன்று. தாயம் எட்டுக்கு ஒன்றுதான் என்பதால், ஐந்து முறை உருட்டியும் அது விழாமல் போகப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. வீட்டுத் திண்ணையில், ஆட்டத்தில் இறங்கத் தாயத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு ருசி உண்டு. கதை நடக்கும் மேசையிலோ காத்திருப்பவர் வாயடைத்து உட்கார்ந்திருப்பார். அவரை நினைத்து எழுது.

உன் வரைவில் திறமைக்கு ஒரு புள்ளி கூட்டுகிறாய். அங்கேதான் எனக்குக் கவலை. இருபது பக்கப் பகடையில் ஒரு புள்ளி என்பது 5 விழுக்காடு. தாயக்கட்டையில் நான்கும் அதற்கு மேலும் வெற்றி என்று வைத்தால், 16இல் 7 வாய்ப்பு. ஒரு புள்ளி கூட்டினால் அது 11 ஆகிவிடும். 25 விழுக்காடு ஒரே தாவலில்! இரண்டு புள்ளி கூட்டினால் 14. பிறகு உருட்டுவதே வீண். புள்ளிகளைக் கஞ்சத்தனமாகக் கொடு.

அதற்குப் பதில், தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்று பல வீடுகளில் ஆடுகிறார்களே, அந்த விதியை எடுத்துக்கொள். மறுமுறை உருட்டும் உரிமையை மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு. ஒருவரின் அதிர்ஷ்டம் இன்னொருவரைக் கதைக்குள் இழுத்துவரும்.

தோல்விக்கும் ஏதாவது நடக்கட்டும். வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' விளையாட்டில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, பாத்திரத்தின் திறமைப் புள்ளியும் சேர்ந்து, ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வந்தால், பெரும்பாலும் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு விலையும் கொடுக்க வேண்டும். உன் விளையாட்டில் மூன்றுக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம். அடிக்கடி விழுவது அதுதானே.

அச்சடிக்கும் முன், தாயம் ஆடி வளர்ந்த ஒரு பாட்டியையும், கட்டையையே பார்த்திராத ஒரு நண்பனையும் ஒரே மேசையில் உட்காரவை. யார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்று குறித்து எனக்கு அனுப்பு.