மோட்டார்க் கடனும் நெல் வயல் வாயுவும்

விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் எரிபொருள் எரிவது கண்ணுக்குத் தெரியும். நீர் தேங்கிய நெல் வயலில் எழும் மீத்தேன் வாயு தெரியாது. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

2019-இல் தொடங்கிய குசும் திட்டம், மானியமும் வங்கிக் கடனுமாகச் சூரியசக்தி மோட்டாரைச் சிறு விவசாயிக்கும் எட்டச் செய்தது. டீசல் எஞ்சினை நிறுத்தினால் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு மிச்சம். நல்லதுதான். ஆனால், செலவில்லாத தண்ணீர்தானே என்று ஓயாமல் நீர் கட்டினால், எஞ்சினில் மிச்சமானது வயலில் போய்விடும். கிணறும் இறங்கும், கடன் தவணை மட்டும் இறங்காது!

ஆகவே, மோட்டாருடன் ஒரு துண்டுக் குழாயும் தேவை. 30 செ.மீ. நீள பி.வி.சி. குழாயின் அடிப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, 20 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். நட்ட இரு வாரத்துக்குப் பின், குழாயினுள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரம் நீர் கட்டவும். பூக்கும் தருணத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் வயல் காயவே கூடாது. இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும்; முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு வழியில்லை. நவரைப் பட்டத்தில் முதலில் ஒரு வயலில் செய்து பாருங்கள்.